நர்ஸ் வருவது நிற்கும்போது

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 81 வயது. இதயச் செயலிழப்பு, குதிகாலில் வந்த படுக்கைப்புண் இப்போதுதான் மூடியிருக்கிறது. வாரம் மூன்று நாள் வரும் நர்ஸ் இன்னும் மூன்று வாரத்தில் நின்றுவிடுவார். "அந்தப் பொண்ணு வராட்டி என்னை யார் பார்ப்பா?" என்கிறார் அப்பா. அவரை எப்படித் தயார்செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசி நாளில் நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டுப் போனால் எதுவும் மனசில் நிற்காது. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது" என்றுதான் எல்லோரும் சொல்வோம். எனவே இன்றிலிருந்தே வேலையை நீங்கள் செய்யுங்கள், நர்ஸ் பார்த்துத் திருத்தட்டும். வருகையை மூன்றிலிருந்து இரண்டு, பிறகு ஒன்று என்று குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். சிக்கல்கள் நர்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே வெளிவந்துவிடும்.

எடை பார்க்கும் பொறுப்பை அப்பாவிடமே கொடுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், அதே மாதிரி உடையில் பார்த்து எழுத வேண்டும். கருவி கெட்டித் தரையில் இருக்கட்டும், விரிப்பின்மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது. மூச்சு வாங்கும்வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள்.

நர்ஸ் நின்றபின் பெரும்பாலும் கோட்டைவிடுவது மாத்திரையில். முட்டி வலிக்கிறதென்று யாராவது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கித் தருவார்கள். இவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைப்பவை, அவருக்கு ஆகாது. நிறுத்தச் சொன்ன பழைய மாத்திரை அட்டைகளை நர்ஸோடு உட்கார்ந்து இப்போதே அப்புறப்படுத்துங்கள்.

மூடிய புண்ணின் தோலுக்குப் பழைய வலு திரும்பாது. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். வளைய மெத்தை வேண்டாம், அதன் விளிம்பே ரத்த ஓட்டத்தை நெரிக்கும். தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு ஆபத்து. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியிருப்பதைவிடக் கருமை, சூடு, கெட்டித்தன்மை இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் கேள்வி மருத்துவத்தைப் பற்றியது மட்டுமல்ல என்றே எனக்குப் படுகிறது. வெளியிலிருந்து வந்து அவரிடம் பேசும் ஒரே ஆள் அந்த நர்ஸாக இருக்கலாம். அதே கிழமைகளில் அதே நேரத்துக்கு ஒரு உறவினரோ நண்பரோ வர ஏற்பாடு செய்யுங்கள். பகலில் யாரை அழைப்பது, இரவில் யாரை, எந்த நிலை வந்தால் நர்ஸை மறுபடி வரவழைக்க முடியும் என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். அப்பாவையே ஒருமுறை போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.