மழைக்காலத்துல போட்டை மூடி வைக்கிறது எப்படி?

கேள்வி: அண்ணே, காசல்ரீ நீர்த்தேக்கத்துல ஓட்டுற சின்ன போட், அவுட்போர்ட் எஞ்சின் (போட்டுக்குப் பின்னால வெளிய மாட்டுறது). மே மாசம் மழை தொடங்கினா செப்டம்பர் வரைக்கும் எடுக்க ஏலாது. கனடா மச்சான் எண்டிபிரீஸ் (எஞ்சின் தண்ணி உறையாம இருக்க ஊத்துறது) ஊத்தச் சொல்றார், ஊத்தணுமா? – நோர்வூட் வாசகர்

பதில்: தேவையில்ல தம்பி. கனடாவுல எஞ்சினுக்குள்ள நிக்கிற தண்ணி உறைஞ்சா 9 வீதம் மாதிரி பெருத்து புளொக்கையே வெடிக்க வச்சிரும், நம்ம பக்கம் நுவரெலியாவுல ஜனவரில புல்லுல உறைபனி விழுந்தாலும் அந்தளவு குளிர் இல்ல, அவுட்போர்டை நிமிர்த்தி வச்சாலே தண்ணி வடிஞ்சிரும். இங்க கெடுக்கிறது ஈரமும் பழைய பெற்றோலும்தான். டேங்க்ல ஸ்டெபிலைசர் (பெற்றோல் பழுதாகாம வைக்கிற மருந்து) ஊத்தி, தண்ணிக் குழாய் மாட்டி 10 நிமிஷம் ஓடவிடுங்க, கார்பரேட்டர் வரைக்கும் போயிரும். கியர் ஒயிலை கட்டாயம் மாத்துங்க, பழசு பால் டீ கலர்ல வந்தா சீல் போய் தண்ணி பூந்திருக்குன்னு அர்த்தம், அப்படியே மூடி வச்சிராதீங்க, உள்ள எல்லாம் துருப்பிடிச்சிரும், மெக்கானிக்கைக் கூப்பிட்டு சீல் மாத்துங்க. பெட்டரியை கழட்டி வீட்டுக்குள்ள வைங்க.