வாய்க்கால் மேட்டில் ஏழு சைக்கிள்கள்

அன்புள்ள அண்ணா,

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், உடம்பை அசைக்கவும் சொல்கிறார். ஆபீஸ் நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் மண்பாதையில் சைக்கிள் ஓட்டும் குழுவுக்குக் கூப்பிடுகிறார். எனக்கு ஆட்களைப் பார்த்தாலே களைப்பாக இருக்கிறது, மெதுவாகத்தான் ஓட்டவும் முடியும். தனியாக நடந்தால் போதாதா?

(பெயர் வேண்டாம்), கோவை

அன்புள்ள தம்பி,

போங்கள். நடப்பதும் நல்லதுதான், ஆனால் இந்த நிலையில் தனியாகக் கிளம்புவது பெரும்பாலும் செருப்பு மாட்டுவதோடு நின்றுவிடும், எனக்கு நின்றது. ஐந்தரைக்கு டீக்கடை வாசலில் ஆறு பேர் நமக்காக நிற்கிறார்கள் என்றால்தான் போர்வை விலகும்.

நான் குழுவில் சேர்ந்தது அம்மா இறந்த வருஷம். உடுமலைப் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேடுதான் எங்கள் பாதை. தார்ச்சாலையில் கால் பாட்டுக்கு மிதிக்கும், மனசு பாட்டுக்குப் பழையதை அரைக்கும். இங்கே கல், மணல் திட்டு, திடீரென்று குறுக்கே ஓடும் மயில் என்று பார்த்துக்கொண்டே போகாவிட்டால் கீழே கிடப்போம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 38 பேரை 90 நிமிடம் நடக்கவிட்டு 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வண்டிகள் நெரியும் சாலையோரம் நடந்தவர்களுக்கு இல்லை, புல்வெளியில் நடந்தவர்களுக்குத்தான் ஒன்றையே நினைத்துக் குமைவது குறைந்திருந்தது. சின்ன ஆய்வு, அதுவும் நடையைப் பற்றியது. ஆனாலும் எனக்கு நடந்தது இதுதான் என்று படித்ததும் தோன்றியது.

பேச வேண்டுமே என்ற பயம் வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். மூன்று வாரம் நான் ‘வர்றேங்க’, ‘சரிங்க’ தவிர எதுவும் பேசவில்லை. நாலாவது வாரம் பின்சக்கரத்தில் நெருஞ்சி முள் ஏறியது. குழுவில் மூத்தவர், ஓய்வுபெற்ற லைன்மேன், கிளை வாய்க்கால் மடையருகே குத்தவைத்து ட்யூபைத் தண்ணீருக்குள் அழுத்தி அழுத்தி நகர்த்தினார், நான் உப்புத்தாளைப் பிடித்துக்கொண்டு குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் கண்ணும் தண்ணீரில். அப்போதுதான் அம்மாவின் கடைசி வாரத்தைப் பற்றி, வீட்டில்கூடச் சொல்லாததை, சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, “இந்தா, இங்கதான் வருது, தேயுங்க” என்று ட்யூபை நீட்டினார். அன்று ராத்திரி ரொம்ப நாளைக்கு அப்புறம் தூங்கினேன்.

வேகம் பற்றி நண்பரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கடைசியில் வர ஆள் உண்டா? எங்களில் ஒருவர் எப்போதும் மெதுவாக வருபவருக்கும் பின்னால்தான் வருவார், அதனால் யாரும் தனியாக விடுபடுவதில்லை. வேகக்கணக்கு மட்டுமே பார்க்கிற குழு என்றால் வேறு குழு தேடுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சைக்கிள் அதற்கு மாற்று இல்லை. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். தயங்க வேண்டாம்.

அப்புறம், கோவையில் மலையடிவாரப் பக்கம் போவதென்றால் நன்றாக விடிந்த பின் போங்கள், யானை நடமாட்டம் உண்டு. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மணலில் பிடிப்பு கிடைக்கும். மாற்று ட்யூப் ஒன்று பையில் இருக்கட்டும்.