ஐப்பசி மழையும் பியானோப் பலகையும்

கேள்வி: பழைய அப்ரைட் பியானோ ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். சவுண்ட் போர்டு (தந்தியின் அதிர்வை வாங்கிச் சத்தமாக்கும் பெரிய பலகை) வெடித்திருக்கிறது, புதிதாகச் செய்ய ஸ்ப்ரூஸ் மரப் பலகைகள் வாங்கினேன். வீடு கடற்கரைக்குப் பக்கம், ஐப்பசி மழை வேறு வரப்போகிறது. பாலித்தீனில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் போதுமா?
- வாசகர், ராயபுரம்

பதில்: வேண்டாம், முதலில் பாலித்தீனைப் பிரித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடித்துவிடும்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதமாகவே இருந்தால் மரத்துக்குள் ஈரம் சுமார் 14 சதவீதத்தில் போய் நிற்கும், 45 சதவீதமாக இருந்தால் 8தான். இந்த வித்தியாசத்தில் ஸ்ப்ரூஸ் ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) குறுக்கே, மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையவே அசையாது. மழையில் ஊதிய பலகைகளை ஒட்டி, பின்பக்கம் குறுக்குச் சட்டங்களையும் ஒட்டி இறுக்கிவிட்டு, நாளைக்கு அந்தப் பியானோ ஏசி அறைக்குப் போனால், சட்டங்கள் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்ள, பலகை வெடித்துவிடும். அதனால் 50 சதவீதக் காற்றில் பலகையை ஆறவிட்டு, அதன்பிறகு ஒட்டுங்கள்.

அதற்கு விலை கூடிய மெஷின் தேவையில்லை. பழைய பீரோ ஒன்று போதும். மேலும் கீழும் இரண்டு ஓட்டை போட்டு, அடியில் பழைய குண்டு பல்பு (எல்இடியில் சூடு வராது) மாட்டி, மரத்தில் படாதபடி கம்பி வலை கட்டிவிடுங்கள். 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 36 டிகிரிக்குச் சூடாக்கினாலே அது 50 பக்கம் இறங்கிவிடும். பலகைகளுக்கு நடுவே ஒரே கனத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, ரீப்பருக்கு மேல் ரீப்பர் நேராக வருகிற மாதிரி அடுக்குங்கள், இல்லையென்றால் பலகை வளையும். வெட்டு முனைகளில்தான் ஈரம் வேகமாக ஏறி இறங்கும், அங்கே மெழுகு தடவுங்கள். நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம், ஓரிரு மணி நேரத்தில் மரம் பெரிதாக மாறிவிடாது.

பீரோவுக்குள் காற்றின் ஈரப்பதம் பார்க்க வைக்கும் மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு மூடியில் தூள் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமணல் பதத்தில் மீட்டரோடு காற்றுப்புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும், எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அவ்வளவைக் கழித்தோ கூட்டியோ கொள்ளுங்கள். அப்புறம், ஒரு பலகையில் அடையாளம் போட்டு வாராவாரம் சமையல் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் இருந்தால் பலகை தயார், ஆனாலும் மழை கொட்டுகிற நாளில் மட்டும் வெளியே எடுத்து ஒட்ட வேண்டாம்.