கறுப்பு வெள்ளையில் விளையாடிய தம்பிக்கு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது நாற்பது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், கணக்கு வேலை. 96ஆம் ஆண்டு கனடாவிலிருந்து வந்த மாமா ஒரு சூப்பர் நிண்டென்டோவும் ‘சூப்பர் மெட்ரொயிட்’ கசெட்டும் கொண்டுவந்து தந்தார். அண்ணாவும் நானும் இரண்டு வருடம் அதையேதான் விளையாடினோம். எங்கள் டிவியில் படம் கடைசிவரை கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. அண்ணா இப்போது டொரொன்டோவில். பெட்டியும் கசெட்டும் என் அலுமாரியில். அந்த கேமை யாராவது புதிதாக ரீமேக் செய்வார்கள் என்று பல வருடமாகக் காத்திருக்கிறேன். புதுக் கேம்களை அறிவிக்கும் நிண்டென்டோ டைரக்ட் ஒளிபரப்பு வரும் நாட்களில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்ப்பேன். அறிவிப்பு வந்தபாடில்லை. பதினொரு வயது மகனிடம் நிண்டென்டோவின் இப்போதைய கேம் பெட்டி, ஸ்விட்ச், இருக்கிறது. “அப்பா, அந்தப் பழைய கேமைக் காட்டுங்கோ” என்று கேட்டபடி இருக்கிறான். புதுசு வரட்டும், முதலில் அதைப் பார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அண்ணாவோ “ரீமேக்கே வேண்டாம், உள்ளதையும் கெடுத்துப்போடுவாங்கள்” என்று வட்ஸ்அப்பில் சண்டைக்கு வருகிறார். மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறாள். நான் காத்திருப்பது பைத்தியக்காரத்தனமா?

வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, பைத்தியக் கதையைப் பிறகு பார்ப்போம். நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்ட விஷயத்தில் என் கண் நின்றுவிட்டது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்.

உங்கள் டிவியில் பழுது ஒன்றும் இருந்திருக்காது. கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்ற பெட்டி என்டிஎஸ்சி முறையில் படம் அனுப்பும். நம்முடைய டிவிகள் பால் முறை (குடிக்கிற பால் இல்லை). இரண்டிலும் வெளிச்சத்தை ஒரு பக்கமாகவும் நிறத்தை அதன்மேல் ஏற்றிய ஒரு குறியீடாகவும்தான் அனுப்புவார்கள். அந்தக் குறியீடு இரண்டுக்கும் வேறு. விளங்காத குறியீட்டை டிவி விட்டுவிடும், வெளிச்சத்தை மட்டும் காட்டும். தொண்ணூறுகளில் வெளிநாட்டு மாமாக்களிடமிருந்து பெட்டி வந்த பல வீடுகளில் இதுதான் நடந்தது. அன்டெனாவைத் திருப்பியும் தலையில் தட்டியும் பார்த்துவிட்டு, அதுதான் அந்த கேமின் நிறம் என்று பிள்ளைகள் பழகிப்போனார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சூப்பர் மெட்ரொயிட்டில் கதவுகளுக்கு நிறம் உண்டு. நீலக் கதவை எதனால் சுட்டாலும் திறக்கும். சிவப்புக்கு மிசைல் வேண்டும், பச்சைக்கு சூப்பர் மிசைல், மஞ்சளுக்கு பவர் பொம். இந்த நிறம்தான் அந்த கேமின் வழிகாட்டி. “இங்கே உனக்கு இன்னும் நேரம் வரவில்லை, சாமான் கிடைத்த பிறகு திரும்பி வா” என்று ஒரு சொல்லும் எழுதாமல் அது சொல்லுகிறது. நீங்களும் அண்ணாவும் அந்தச் சொல்லைக் காதில் வாங்காமலே இரண்டு வருடம் விளையாடியிருக்கிறீர்கள். ஒவ்வொரு சாம்பல் கதவையும் கையில் இருந்த எல்லாவற்றாலும் சுட்டுப் பார்த்திருப்பீர்கள். ஏன் இரண்டு வருடம் எடுத்தது என்று எனக்கு விளங்குகிறது!

அந்த கேமில் வரும் நோர்ஃபெயர் என்ற இடத்தின் நெருப்புச் சிவப்பை நீங்கள் பார்த்ததில்லை. பிரின்ஸ்டார் என்ற இடத்தில் பச்சைப் பகுதி முடிந்து இளஞ்சிவப்புப் பகுதி தொடங்கும் இடமும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. 1994இல் வந்த கேமை நிறத்தோடு, நல்ல படத்தோடு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். உங்களுக்கு அதுவே புதுப் படம். இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அந்தக் கதவுகள் உண்மையிலேயே உங்களுக்குப் புதுசுதான்.

சரி, காத்திருப்புக்கு வருவோம். இந்த மெட்ரொயிட் கேம் தொடரின் ரசிகர்கள் காத்திருப்பதற்கென்றே நேர்ந்துவிடப்பட்டவர்கள். சூப்பர் மெட்ரொயிட்டுக்குப் பிறகு அடுத்தது வர எட்டு வருடம், 2002. அந்த வருடம் வந்த ஃபியூஷனின் கதை தொடர, 2021இல் ட்ரெட் வரவேண்டியிருந்தது, பத்தொன்பது வருடம். மெட்ரொயிட் பிரைம் 4ஐ 2017 ஜூனில் அறிவித்தார்கள், 2019இல் முதலில் இருந்து தொடங்குகிறோம் என்றார்கள், 2025 டிசம்பரில்தான் கையில் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் பொறுமையைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. பிரைம் 4க்குக் காத்திருந்தவர்களுக்கு ஒரு வாக்கு இருந்தது. உங்களுக்கு யாரும் வாக்குத் தரவில்லை. வராத பஸ்ஸுக்கு நிற்கலாம், பரவாயில்லை. பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டுமா என்பதுதான் கேள்வி.

அண்ணாவின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். அதற்கு என் கதை கொஞ்சம்.

96இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பில் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது சுவிஸ் மாமாவின் மகன் ‘கேம் போய்’ என்ற கையடக்கப் பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து நின்றான். நாலு பென் டோர்ச் பற்றரியில் ஓடும். ஆனால் திரைக்குள் வெளிச்சம் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் சரித்துப் பிடித்தால்தான் தெரியும், கூடச் சரித்தால் விளக்கே திரையில் தெரியும். அதில் இருந்தது 1991இல் வந்த மெட்ரொயிட் 2. நாலே நாலு சாயல், எல்லாக் குகையும் ஒரே மாதிரி, வரைபடம் கிடையாது. நான் கணிதச் சதுரக்கோட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் வரைபடம் கீறினேன். ஒரு சதுரம் ஒரு அறை. மச்சான் விளையாடுவான், நான் கீறுவேன். கீழ்மூலையில் 39 என்று தொடங்கும் எண், மெட்ரொயிட் என்ற ஜந்துகளை ஒவ்வொன்றாகக் கொல்லக் கொல்லக் குறையும். ஒரு கட்டத்தில் திரை நடுங்கும், அமிலம் கீழே இறங்கும், இன்னும் ஆழமான வழி திறக்கும். அந்த நடுக்கம் வந்த இடத்தையெல்லாம் கொப்பியில் புள்ளடி போட்டு வைத்திருந்தேன்.

அதன் முடிவுதான் எனக்கு மறக்காதது. மெட்ரொயிட் ராணியைக் கொன்ற பிறகு ஒரு முட்டை பொரிக்கும். குஞ்சு, நாம் ஆட்டுவிக்கும் கதாநாயகி சாமஸைத் தாய் என்று நினைத்துப் பின்னாலேயே வரும். அங்கிருந்து கப்பல்வரை ஒரு எதிரி இல்லை. சும்மா நடக்கவேண்டும், வழியை அடைத்த கட்டிகளைக் குஞ்சு தின்று திறந்துவிடும். அவ்வளவு நேரம் கொன்றுகொண்டே வந்தவளை அந்த அமைதிக்குள் நடக்கவைக்கிறார்கள். விளக்கடியில் நாங்கள் இரண்டு பேரும் கதைக்காமல் இருந்தது எனக்கு ஞாபகம். (கவசத்துக்குள் இருப்பது ஒரு பெண் என்று நான் சொன்னபோது மச்சான் நம்பவில்லை. 1986இல் வந்த முதல் கேமின் ஆங்கிலக் கையேடே அவளை ஆணாகத்தான் எழுதியது, அவனைக் குறைசொல்லி என்ன.)

அதே கேமை 2017 செப்டெம்பரில் நிண்டென்டோவின் கையடக்கப் பெட்டி 3டிஎஸ்ஸுக்காக ‘சாமஸ் ரிட்டர்ன்ஸ்’ என்று ரீமேக் செய்தார்கள். ஸ்பெயினின் மேர்க்கூரிஸ்டீம் என்ற நிறுவனம் செய்தது. வேலை மோசமில்லை. வரைபடம் வந்தது, எந்தப் பக்கமும் குறிபார்த்துச் சுடலாம், பாய்ந்து வருபவனைத் தட்டிவிட்டுச் சுடும் வித்தை வந்தது. அடுத்து அவர்களே ட்ரெட்டைச் செய்ததற்கு இதுதான் படிக்கட்டு. ஆனால் அந்த அமைதியான நடை போய்விட்டது. திரும்பும் வழியிலும் எதிரிகள் நிற்கிறார்கள், கடைசியில் தொடரின் பழைய எதிரியான ரிட்லி வந்து இறங்குகிறது. முடிவில் ஒரு பெரிய சண்டை இருந்தால்தான் விறுவிறுப்பு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். என்னுடைய மனதில் இருந்தது அந்தச் சண்டை இல்லாத இடம். உங்கள் அண்ணாவுக்கு இருக்கும் பயம் இந்தப் பயம்தான், அது வெறும் பிடிவாதம் இல்லை.

அதற்காக அவர் முழுக்கச் சரி என்றும் ஆகாது. 2004இல் முதல் மெட்ரொயிட்டை ‘ஸீரோ மிஷன்’ என்று திரும்பச் செய்தபோது, பழைய முடிவை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். பழைய கேமின் கடைசி எதிரியான மதர் பிரெய்ன் செத்த பிறகு கவசம் பறிபோய், கையில் ஒரு சின்னத் துப்பாக்கியோடு பதுங்கிப் பதுங்கித் திரியவேண்டும். என் கணக்கில் தொடரிலேயே நெஞ்சு படபடக்கும் இடம் அது. முழுவதும் முடித்தால் 1986இன் பழைய கேமையே உள்ளே திறந்துவிடுவார்கள், ஒப்பிட்டுப் பார் என்பதுபோல. செய்தால் இப்படிச் செய்யவேண்டும்.

காத்திருக்க மாட்டேன் என்று வேலையில் இறங்கியவரும் உண்டு. ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த மில்டன் குவாஸ்டி என்ற ரசிகர் சுமார் பத்து வருடம் இருந்து மெட்ரொயிட் 2ஐத் தானே திரும்பச் செய்து, தொடரின் முப்பதாவது பிறந்தநாளான 2016 ஆகஸ்ட் 6இல் சும்மா கொடுத்தார். வந்த கையோடு நிண்டென்டோ இறக்கச் சொல்லிவிட்டது. அடுத்த வருடம் அவர்களுடைய சொந்த ரீமேக் வந்தது. உங்களைப் பத்து வருடம் இருந்து கேம் செய்யச் சொல்லவில்லை, பயப்படவேண்டாம்.

மகனைத் தடுத்து வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்குப் பதினொன்று. நீங்கள் விளையாடியதும் அதே வயதில்தான், கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் கேட்பது ரீமேக்கை இல்லை. அப்பா எதைப் பற்றி இப்படி அலட்டுகிறார் என்று பார்க்கக் கேட்கிறான். அந்தக் கேள்வி பதினைந்து வயதில் வராது. ஸ்விட்சின் ஒன்லைன் சந்தாவில் 2019 செப்டெம்பரிலிருந்து சூப்பர் மெட்ரொயிட் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமையே போடலாம்.

பழையதில் குறைகள் உண்டு, மறைக்கவேண்டாம். ஆயுதம் மாற்ற ஒரு பட்டனை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். பாய்ந்தால் சாமஸ் காற்றில் பஞ்சுபோல மிதப்பாள். சுவரில் உதைத்துப் பாய்வது இன்றைய பிள்ளைகளின் விரலுக்குச் சங்கடம். மகன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ரீமேக் வந்தால் இவையெல்லாம் திருந்தும், அதில் உங்கள் ஆசை நியாயமானதுதான்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். ஒரு ஆழமான குழி இருக்கிறது, ஞாபகம் இருக்கும். விழுந்தால் ஏற வழி தெரியாது. மூன்று சின்ன மிருகங்கள் சுவருக்குச் சுவர் உதைத்து மேலே போய் வந்துகொண்டிருக்கும். ஒரு எழுத்து இல்லை, ஒரு அம்புக்குறி இல்லை. அவைகளைப் பார்த்துத்தான் பழகவேண்டும். மகன் அங்கே இருபது நிமிடம் சிக்குவான், உங்கள் கை துறுதுறுக்கும். கொன்ட்ரோலரைப் பறிக்காதீர்கள். “அந்த மூன்றும் என்ன செய்யுது எண்டு பார்” என்றுகூடச் சொல்லாதீர்கள். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுங்கள்.

அண்ணாவை அந்த நேரம் வீடியோ கோலில் எடுங்கள். இங்கே சனி பின்னேரம் ஏழு மணி என்றால் அங்கே காலை, லீவு நாள். ரீமேக் நல்லதா கெட்டதா என்று கதைக்காமல், மகன் ஒரு கதவுக்கு முன்னால் நிற்பதைக் காட்டி, “அண்ணா, இது பச்சையாம்” என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் கிரகம் வெடிக்கும் மூன்று நிமிடத்துக்குள் அந்தக் குழி மிருகங்களை வழியில் சற்று விலகிப் போய்க் காப்பாற்றலாம் என்று உங்களுக்கு அப்போது தெரியுமா? தெரியாவிட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது. அதை நீங்கள் இரண்டு பேரும் மகனோடு சேர்ந்து கண்டுபிடிக்கலாம்.

டைரக்ட் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள். கசிந்த செய்தி, உள்ளே இருப்பவர் சொன்னது என்று வருகிறவற்றை அண்ணாவுக்கு ஃபோர்வர்ட் பண்ணுவதை மட்டும் விடுங்கள், பாதிச் சண்டை அதில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். மனைவி சிரிப்பது நல்லது, சிரிக்கட்டும்.

பின்குறிப்பு: ஸ்விட்சில் பார்த்த பிறகு மகன் அலுமாரிப் பெட்டியையும் கேட்பான். கசெட்டுக்குள் ஒரு பட்டன் பற்றரி இருக்கிறது, நீங்கள் சேவ் பண்ணியதெல்லாம் அதன் உயிரில்தான் நிற்கிறது. முப்பது வருடத்தில் செத்திருக்கலாம், இன்னும் இருக்கவும் கூடும். ‘சாமஸ் ஏ’ அண்ணாவுடையதும் ‘சாமஸ் பி’ உங்களுடையதுமாக இருந்தால், போட்டுப் பார்க்காமல் பற்றரியை மாற்றக் கொடுக்காதீர்கள், கழற்றினால் எல்லாம் அழிந்துபோகும். அதைவிட முக்கியம், கனடாப் பெட்டியின் அடப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம்முடைய சுவரில் இருப்பது 230. மாமா அப்போது ஒரு ட்ரான்ஸ்போமரும் வாங்கித் தந்திருப்பார், கனமான இரும்புப் பெட்டி, அதையும் தேடி எடுங்கள். 97இல் கனடாவிலிருந்து வந்த இன்னொரு மச்சானின் பெட்டியை நான் அது இல்லாமல் செருகினேன். அவன் இன்றைக்கும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டு திரிகிறான்.