ஷோனோ மழைப் படம்: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய சாமான் கடையில் வாங்கிய ஜப்பானிய மழைப் படம் அசல் மர அச்சா, புத்தக அச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவான பாதை, பல்லக்குத் தூக்கிகள், குடையோடு இறங்கி ஓடுபவர், பின்னால் சாம்பல் நிழலாக வளையும் மரங்கள். நீங்கள் சொல்வது ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 'தோகாய்தோ 53 தங்குமிடங்கள்' வரிசையில் (தோகாய்தோ என்பது அங்குள்ள பழைய நெடுஞ்சாலை) வரும் ஷோனோ என்ற தங்குமிடத்தின் படம்தான். அருமையான படம். முதலில் வந்தது 1833-34 வாக்கில்.

சட்டத்திலிருந்து பதமாகக் கழற்றிப் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மர அச்சில் தாளை, படம் செதுக்கி நிறம் பூசிய மரக்கட்டைமேல் வைத்து, பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் கையால் அழுத்தித் தேய்ப்பார்கள். அதனால் நிறம் பின்பக்கம் கசிந்திருக்கும், வளைந்த தேய்ப்புத் தடமும் தெரியலாம். அப்புறம் முன்பக்கத்தில் பூதக்கண்ணாடி. நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இயந்திர அச்சு, சந்தேகமே வேண்டாம்.

புள்ளி இல்லை என்பதாலேயே 1830களின் பிரதி என்று முடிவுகட்டி விடாதீர்கள். இந்தப் படத்தைப் புதிதாகச் செதுக்கிய கட்டைகளில் 20ஆம் நூற்றாண்டிலும் நிறைய அச்சிட்டார்கள். குடையைப் பாருங்கள்: ஆரம்பப் பிரதிகளில் அதன்மேல் பதிப்பாளர் தாகெனோஉச்சியின் பெயர் எழுதியிருக்கும், பிந்தையவற்றில் நீக்கிவிட்டார்கள். மறுசெதுக்கலில் அதையும் நகலெடுத்திருக்கலாம் என்பதால், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் பிரதியோடு மழைக்கோடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கோடுகள் இடம் மாறினால் கட்டை வேறு.

தாளின் அளவையும் பின்பக்கப் படத்தையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.