நாலு குளிசை, ஐந்து நாள், மூன்று தடவை

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. மார்கழிக்குப் பிறகு மூன்று தடவை மூச்சிழுப்பு வந்துவிட்டது. முதல் தடவை ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் குளிசையை நாளுக்கு நாலு வீதம் ஐந்து நாள் கொடுத்தார்கள். அடுத்த தடவை வவுனியாவில் தனியாரிடம் காட்டினோம், அதே குளிசை. மூன்றாம் தடவை அறுவடை நேரம், பஸ்ஸும் இல்லை. டொக்டர் எழுதித் தந்த பழைய மருந்துத் துண்டைக் காட்டி ஃபார்மசியில் வாங்கிக் கொடுத்தேன். அங்கிருந்தவர்தான் "இது ஸ்டெரோய்ட் அக்கா" என்றார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. பரியாரியிடம், அதுதான் நாட்டு வைத்தியரிடம், கொண்டுபோகச் சொல்கிறார் மாமி. அக்காவின் மகளுக்கு உடம்பு வீங்கியதற்கு இதையே மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள், நிறுத்தவே கூடாதாம். என் மகனுக்கு மட்டும் ஐந்தாம் நாள் சட்டென்று நிறுத்து என்கிறார்கள். டொக்டர்மாருக்கே இதில் தெளிவில்லையா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, முதலில் நித்திரை கொள்ளுங்கள். உடம்பு பருக்க ஊசி போடுகிறார்களே, அந்த ஸ்டெரோய்ட் வேறு. இது பிரெட்னிசொலோன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் சுரப்பி நாள்தோறும் சுரக்கும் கோர்ட்டிசோலின் உறவுக்காரன்.

ஐந்து நாள் கொடுத்தால் அந்தச் சுரப்பி தன் வேலையை மறக்காது. அதனால் சட்டென்று நிறுத்தலாம். அக்காவின் மகளுக்கு இருப்பது நெஃப்ரோட்டிக் வருத்தமாக இருக்க வேண்டும், சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் ஒழுகவிடுவதால் உடம்பு வீங்கும் வருத்தம் அது. அதற்கு நாலு முதல் ஆறு வாரம் நாள்தோறும், பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள் என்று குறைத்துக்கொண்டு போவோம். அவ்வளவு காலம் வெளியிலிருந்து வந்தால் சுரப்பி சோம்பிவிடும், திடீரென நிறுத்தினால் பிள்ளை துவண்டுபோகும். குளிசை ஒன்றுதான், காலம்தான் வேறு. இதை இரண்டு பேருக்கும் யாராவது விளக்கியிருக்க வேண்டும். நானும் உத்தமி இல்லை. வன்னியில் வேலை செய்த இளவயதில் ஒரு தாயிடம் "ஒழுங்காகக் குடுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பிள்ளையின் முகம் உப்புவதைப் பார்த்துப் பயந்து அவர் தானாகவே நிறுத்திவிட்டார். சில நாளில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிழைத்துக்கொண்டது. பிழை என்னுடையதுதான்.

டொக்டர்மாருக்குத் தெளிவில்லையா என்றால், பாதி உண்மை. நெஃப்ரோட்டிக்குக்கும் கடுமையான ஆஸ்துமாவுக்கும் இந்த மருந்து தேவை என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. சளிக்காய்ச்சலோடு சின்னப் பிள்ளைக்கு வரும் இழுப்பில்தான் சிக்கல். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 10 மாதம் முதல் 5 வயது வரையான சுமார் 700 பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. அளவான இழுப்போடு வந்தவர்களுக்கு ஐந்து நாள் பிரெட்னிசொலோன் கொடுத்தும், ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்தே இல்லாத ஒன்றை எடுத்தவர்களை விட அவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகும் பலருடைய கை பழக்கத்தில் அதையே எழுதுகிறது. முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கடைசி பஸ்ஸில் வந்த பிள்ளையை, இரவில் மூச்சு முட்டினால் திரும்பி வர வாகனமில்லாத ஊருக்கு அனுப்பும்போது எந்த டொக்டருக்கும் கை நடுங்கும்.

எனக்குக் கவலை வேறு. மூன்று தடவையையும் சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆஸ்பத்திரிக்கு வவுனியா தெரியாது, வவுனியாவுக்கு ஆஸ்பத்திரி தெரியாது, ஃபார்மசிக்கு இரண்டுமே தெரியாது. 5 மில்லிகிராம் குளிசை நாலு என்றால் நாளுக்கு 20. ஐந்து நாளில் 100, மூன்று தடவையில் 300 மில்லிகிராம். இழுப்பு வராமல் தடுக்க மூச்சோடு உள்ளே இழுக்கக் கொடுக்கும் ஸ்டெரோய்ட் பம்ப் நாளுக்கு 200 மைக்ரோகிராம் அளவில்தான் வரும். அந்த 300ஐ எட்ட அதை நாலு வருடம் இழுக்க வேண்டும்! மருந்துகள் வேறு வேறு, உடம்பில் நடந்துகொள்ளும் விதமும் வேறு, அதனால் இது தராசுக் கணக்கு அல்ல. ஆனாலும் பம்ப் என்றதும் பயந்து குளிசையை மட்டும் சாதாரணமாக விழுங்க வைப்பது தலைகீழான பயம். பம்பால் வளர்ந்த பிறகு உயரம் ஒரு சென்ரிமீற்றர் அளவு குறையலாம், மறைக்கவில்லை. அடங்காத இழுப்பும் பிள்ளையை வளரவிடாது.

ஆகவே அந்தத் துண்டுகளையெல்லாம் ஒரு கொப்பியில் ஒட்டுங்கள். திகதி, மருந்தின் பெயர், எத்தனை நாள் என்று பக்கத்தில் எழுதுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களும் இதே குடும்பம்தான், பிரெட்னிசொலோனை விட ஆறேழு மடங்கு வீரியம். சளிக்குத் தரும் சில பாணிகளிலும் கலந்து வருவதுண்டு, இது கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கொப்பியோடு பிள்ளை கிளினிக்குக்குப் போய், "மூன்று தடவை ஆகிவிட்டது, தடுப்புப் பம்ப் தேவையா?" என்று நேராகக் கேளுங்கள். பம்ப் தந்தால் முகமூடி வைத்த ஸ்பேசரோடு, அதாவது பம்பில் பொருத்தும் வெற்றுக் குழாயோடு, கொடுங்கள், பிறகு வாயைக் கொப்பளிக்கவும் முகத்தைத் துடைக்கவும் வேண்டும். ஸ்பேசர் வாங்க வழியில்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலிலும் செய்யலாம், தென்னாபிரிக்காவில் சோதித்துப் பார்த்த முறைதான். செய்து கிளினிக்கில் ஒருதரம் காட்டிவிடுங்கள்.

பழைய துண்டில் வாங்குவது இதுவே கடைசி. மாமியிடம் சண்டை வேண்டாம், ஆனால் நெஞ்சுக்குழி உள்ளே இழுபட்டாலோ, மூச்சு வாங்கிப் பேசவும் குடிக்கவும் முடியாமல் போனாலோ பரியாரிக்கும் காத்திருக்கக் கூடாது, குளிசைக்கும் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

மகனுக்கு மூன்று வயதில் போடும் எம்.எம்.ஆர் ஊசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி) போட்டாயிற்றா? ஐந்து நாள் குளிசை அதற்குத் தடையில்லை. அக்காவின் மகளுக்கு அப்படியல்ல, மாதக்கணக்கில் எடுத்தால் இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அதனால் உயிருள்ள (பலவீனமாக்கிய கிருமியைக் கொண்ட) தடுப்பூசி எதையும் டொக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. இதை அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் வகுப்பிலோ அயலிலோ பொக்குளிப்பான் வந்ததென்று கேள்விப்பட்டால், மேலில் ஒரு கொப்புளமும் இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் குளிசையைத் தானாக நிறுத்தவே வேண்டாம்.