சங்கம் சேரும் உரிமையைச் சட்டமாக்கிய செனட்டர்

கேள்வி: அமெரிக்க அரசியலில் உழைக்கும் குடும்பத்தில் பிறந்து, கடைசிவரை தொழிலாளர் பக்கம் நின்றவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

ராபர்ட் வாக்னர். 1877இல் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு நியூயார்க் வந்தவர். அப்பாவுக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பெருக்கிப் பராமரிக்கும் வேலை. மகன் தெருவில் பேப்பர் விற்றார், சட்டம் படித்தார், மாகாண சட்டசபைக்குப் போனார்.

ஏழை வீட்டில் பிறந்த எல்லோரும் ஏழைகளுக்காக நிற்பதில்லை. வாக்னரைச் செதுக்கியது 1911இல் நடந்த டிரையாங்கிள் தையல் ஆலைத் தீ விபத்து என்றே நினைக்கிறேன். 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதன்பின் அமைத்த விசாரணைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவோடு வேலை செய்த பிரான்சிஸ் பெர்கின்ஸ், ஓர் ஆலையில் தீ விபத்தில் தப்பும் வழி என்று வைத்திருந்த சின்ன ஓட்டையில் வாக்னரையே ஊர்ந்து போகச் சொன்னார். வெளியே பனி உறைந்த ஏணி. அதில் ஒரு தொழிலாளி எப்படித் தப்பிப்பாள் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

1927இல் செனட்டர் ஆனார். 1933இல் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் வாரியத்துக்குத் தலைமை தாங்கினார். பெரிய முதலாளிகள் அதன் உத்தரவை மதிக்கவே இல்லை. கட்டாயப்படுத்த வாரியத்துக்கு அதிகாரமும் இல்லை. அந்தக் கசப்பில் பிறந்ததுதான் 1935இன் வாக்னர் சட்டம். அதிபர் ரூஸ்வெல்ட் ஆரம்பத்தில் பெரிய ஆர்வம் காட்டவில்லை, இவர் விடவில்லை. சட்டம் சொன்னது இதுதான்: தொழிற்சங்கம் சேர்ந்ததற்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது, முதலாளியே நடத்தும் பொம்மைச் சங்கம் கூடாது, பெரும்பான்மைத் தொழிலாளர் தேர்ந்தெடுத்த சங்கத்தோடு நிர்வாகம் பேசியே ஆக வேண்டும். இந்த முறை, சட்டம் அமைத்த புதிய வாரியத்தின் உத்தரவுக்கு நீதிமன்றத்தின் பலமும் இருந்தது. 1937இல் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது.

அதே 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்ட மசோதாவை செனட்டில் கொண்டுவந்தவரும் இவர்தான். 1939இல் 20,000 அகதிக் குழந்தைகளை ஜெர்மனியிலிருந்து வரவழைக்க மசோதா போட்டார். அது நிறைவேறவில்லை என்பதை இன்று படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் வாக்னர் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. தெற்கு மாகாணங்களில் கறுப்பினத்தவர் பலருக்கு அப்போது அவைதான் பிழைப்பு. அந்த விலக்கு இன்றும் நீங்கவில்லை.